பாகூரில் பட்ட கடன்

ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று திருமறையின் 9-ஆம் அத்தியாயம், 60-ஆம் வசனம் வகுத்துரைக்கிறது. வறியவர், தேவையுடையோர், கடன்பட்டோர் என்று செல்லும் அவ்வரிசையின் இறுதியில் நிற்பவன் வழிப்போக்கன். சொந்த ஊரில் மாடியும் தோட்டமும் உடையவனாயினும், வழியில் கைப்பொருள் அற்றுப் போனால் அன்றைக்கு அவன் ஏழையே என்பது மார்க்க அறிஞர் தரும் விளக்கம். மதரஸாவில் இதைப் படித்த நாளில், ஏழைகளின் பட்டியலில் வழிப்போக்கனுக்கு என்ன வேலை என்று எங்களுக்கு விளங்கவில்லை. அதை விளங்க வைத்தது ஒரு மிதிவண்டிப் பயணம். பாடம் சொல்லிக் கொடுத்தது, புதுவை மாநிலத்துப் பாகூர்ப் பகுதியில் வாழ்ந்த ஓர் உழவர் குடும்பம்.

1993-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நாகூரில் கந்தூரிக்குக் கொடியேறும் காலம். வேலூரிலிருந்து நாகூர்வரை மிதிவண்டியிலேயே செல்வதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். திருவண்ணாமலை, விழுப்புரம், வில்லியனூர், கடலூர், சிதம்பரம், காரைக்கால் என்று வளைந்து செல்லும் அப்பாதை முந்நூறு கிலோமீட்டருக்கும் மிகுதி. பேருந்துக்குக் காசில்லாமல் அல்ல. இருபத்திரண்டு வயதுக் கால்களில் இருந்த திமிரே காரணம். வீட்டார் தடுத்தனர். அவர்கள் அஞ்சியது ஐப்பசி கார்த்திகை மழைக்கு மட்டும் அன்று.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1992 டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. தொடர்ந்து பம்பாயில் கலவரம் மூண்டது. 1993 மார்ச் 12-ஆம் நாள் அதே நகரில் குண்டுகள் வெடித்தன. ஆகஸ்டில் சென்னையிலும் ஒரு குண்டு வெடித்து உயிர்கள் பலியாயின. எங்கோ யாரோ செய்த செயலுக்கு, தேநீர்க்கடையில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் தேடிய காலம் அது. புறப்படும் வேளையில் எங்களுள் ஒருவரின் தந்தையார், "வழியிலே யாராவது பேரைக் கேட்டா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், மாற்றுடைகள் ஆகியவற்றோடு அச்சொல்லையும் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

முதலிரண்டு நாள்கள் இனிதே கழிந்தன. திருவண்ணாமலைச் சாலையில் ஒரு சுமைதாங்கிக் கல்லின் நிழலில் இளைப்பாறினோம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிநடப்பவர் தலைச்சுமையை இறக்கி வைப்பதற்கென்று உறவினர் நாட்டும் கல் அது. நட்டவர் யார், யாருக்காக நட்டார் என்பதை அறியாமலேயே அதில் சாய்ந்து அமர்ந்தோம். தாம் ஒருநாளும் காணப்போகாத மனிதரின் முதுகுவலியை நினைத்துப் பார்த்த ஒரு குடும்பம் அங்கே இருந்திருக்கிறது என்ற எண்ணம் அப்போது எழவில்லை, பின்னரே எழுந்தது.

மூன்றாம் நாள் காலை விழுப்புரத்தைக் கடந்து வளவனூர் வழியே கிழக்கு நோக்கி மிதித்தோம். அப்பகுதியின் நிலப்படத்தைப் பார்த்தவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். புதுவை மாநிலத்து ஊர்களும் தமிழகத்து ஊர்களும் ஒன்றனுள் ஒன்றாகச் சிதறிக் கிடப்பவை. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுவை. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழகம். அதனையடுத்த அரியூர் மீண்டும் புதுவை. ஒரு மணிநேர மிதியில் பலமுறை எல்லை தாண்டுகிறோம். தாண்டுவது காலுக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ‘கொம்யூன்’ என்னும் சொல் ஊராட்சிப் பலகையில் தென்பட்டால் புதுவை என்று அறிந்துகொள்ளலாம், அவ்வளவே.

எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்தினர். முதற்கேள்வி, பெயர். சொன்னோம். பெயரைக் கேட்டபின் பையைத் திறக்கச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் சென்ற மிதிவண்டிகளில் பைகள் இருந்தன, அவை திறக்கப்படவில்லை. தொப்பியும் தொழுகை விரிப்பும் கைலிகளும் பலகைமேல் பரப்பப்பட்டன. அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். கடுஞ்சொல் ஏதும் கூறவில்லை. காவல் புரிவோர்க்கு அது கடமை. அந்த ஆண்டில் அக்கடமை சற்று அதிகமாயிருந்தது. ஆயினும், அதன்பின் வில்லியனூர் வரையில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரமும், 1877-ஆம் ஆண்டு எழுந்த லூர்து மாதா ஆலயமும், சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலும் ஒரே ஊரின் எல்லைக்குள் நிற்கின்றன. கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சுல்தான்பேட்டையில் உறவினர் ஒருவருக்கு நாங்கள் கொண்டுவந்திருந்த கடிதத்தைக் கொடுத்து, பகலுணவுண்டு, லுஹரையும் அஸரையும் பயணிக்குரிய சலுகைப்படி சுருக்கித் தொழுது புறப்பட்டோம். "மேற்கே கறுத்திருக்கு, இன்னிக்குத் தங்கிட்டுப் போங்களேன்" என்றனர் வீட்டார். இருட்டுவதற்குள் கடலூர் சேர்ந்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. புதுவை நகருக்குள் நுழையாமல், கரிக்கலாம்பாக்கம் வழியே பாகூர் செல்லும் உட்சாலையைப் பிடித்தோம்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் வானம் உடைந்தது. சாலையும் வயலும் ஒன்றாகிவிட்டன. நீருக்கடியில் மறைந்திருந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்க, வண்டியும் ஆளும் குப்புற விழுந்தோம். முழங்கால் கிழிந்தது பெரிதாகத் தோன்றவில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். ரிம் கோணி, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் இடித்து நின்றது. டியூபிலும் காற்றில்லை. ஒரு வண்டி ஓடாவிட்டால் இரண்டுமே ஓடாததற்குச் சமம். இருட்டிவிட்டது. தள்ளிக்கொண்டே நடந்தோம்.

பேருந்தில் செல்பவனைத் தகரச் சுவர் காக்கிறது. காரில் செல்பவனைக் கண்ணாடி காக்கிறது. மிதிவண்டிக்காரனைக் காப்பது ஒன்றுமில்லை. மழை அவன்மேல் நேரே பெய்யும். பசி அவனை நேரே பிடிக்கும். எதிரே வரும் மனிதனின் மனம்தான் அவனுக்குக் கூரை. திருமறை கூறும் வழிப்போக்கன் யாரென்று அந்தச் சேற்றில் நிற்கையில் விளங்கத் தொடங்கியது.

பாகூர் ஏரியை நெருங்கியபோது கரையில் ஒரு வெளிச்சம் அசைந்தது. கோணிப்பையைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் லாந்தருடன் முதியவர் ஒருவர் வந்தார். ஏரிக்கு எவ்வளவு நீர் வந்திருக்கிறதென்று பார்க்க வந்தவராம். தென்பெண்ணையாற்றின் வெள்ளத்தைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் அவ்வேரிக்குக் கொணர்கிறது. புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அதுவே. அந்நீரை நம்பியே பாகூர் நெல்வயல்கள் வாழ்கின்றன. மழையிரவில் உழவர்க்கு உறக்கம் ஏது?

லாந்தரை உயர்த்தி எங்கள் முகங்களைப் பார்த்தார். யார், எவர், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களா, தம்பிங்களா?"

இல்லை என்றோம். "வாங்க" என்று சொல்லிவிட்டு, ஓடாத வண்டியை எங்கள் கையிலிருந்து வாங்கி, முன்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி தாமே தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஓட்டுவீடு, முன்னால் திண்ணை. அவருடைய துணைவியார் இரண்டு உலர்ந்த வேட்டிகளைக் கொணர்ந்து கொடுத்தார். எங்கள் நனைந்த பையை அடுப்பருகே உலர்த்துவதற்கென எடுத்துச் சென்றார். அப்போதுதான் பெரியவர் திண்ணையில் அமர்ந்து, பேச்சுவாக்கில், "பேரு என்ன, தம்பி?" என்றார்.

காலையில் பலகைமேல் பரப்பப்பட்ட பொருள்கள் எங்கள் கண்முன் வந்தன. புறப்படுகையில் தந்தையார் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எங்களுள் ஒருவர், "ராஜா" என்றார். மற்றவர், "பாபு" என்றார். யாருக்கும் உரியவையாகத் தோன்றக்கூடிய பெயர்கள். முதலில் சொன்னவர் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, பொய் இருவருடையதுமாகும். எந்த ஊருக்குப் பயணம் என்றார். கடலூருக்கு என்றோம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

உள்ளே நோக்கிப் பெரியவர், "கோழி ஒண்ணு அடிக்கலாமா?" என்று குரல் கொடுத்தார். அம்மையார் வெளியே வந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். பெரியவர் தலையசைத்துவிட்டு எங்களிடம், "மழை நேரம், கோழி வேணாம், முட்டை இருக்கு, கருவாட்டுக் குழம்பு இருக்கு, போதுமா?" என்றார். போதாதா என்ன! அந்தச் சோற்றின் சூட்டை எங்கள் கைகள் இன்றும் மறக்கவில்லை. உண்ணும்போது அவர் எங்களை ராஜா என்றும் பாபு என்றும் பெயர் சொல்லி அழைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு முறை அப்பெயர்களைக் கேட்கும்போதும் தொண்டையில் சோறு சிறிது நின்றே இறங்கியது.

விடியுமுன், இருள் பிரியாத நேரத்தில், "தம்பிங்களா" என்று மெல்லிய குரல் கேட்டது. விழித்துப் பார்த்தோம். திண்ணையோரம் ஒரு தவலை நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு செம்பு. கொடியில் எங்கள் கைலிகள் உலர்ந்து தொங்கின. தொழுகை விரிப்பைத் தரையில் படாதவாறு ஒரு மரப்பெட்டியின்மேல் மடித்து வைத்து, அதன்மேல் இரண்டு தொப்பிகளையும் அடுக்கியிருந்தார் அம்மையார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செம்பைச் சுட்டிக் காட்டிவிட்டு, சாணம் கரைத்த வாளியுடன் வாசல் தெளிக்கப் போய்விட்டார்.

ஒளுச் செய்தோம், சுப்ஹு தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியவில்லை.

பெரியவர் காப்பியுடன் வந்தார். "நல்லாத் தூங்கினீங்களா, ராஜா?" என்றார். இங்கேதான் நாங்கள் உடைந்து போனோம். அவருக்கு எல்லாம் தெரியும், இரவே தெரியும். எனினும், நாங்கள் சொன்ன பொய்ப்பெயரையே அவர் சொன்னார். கேலியாக அன்று, எங்கள் பொய்யை எங்களுக்காகப் பாதுகாத்து வைத்திருப்பவரைப் போல. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. தெரிந்துவிட்ட உண்மையைச் சொல்வது, தெரியாத உண்மையைச் சொல்வதைவிடக் கடினம் என்று அன்று கண்டோம்.

விடைபெறும்போது அம்மையார் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றைக் கொடுத்தார். "நாகூர் ஆண்டவருக்கு எங்க வீட்டு வேண்டுதல், ரொம்ப நாளா நிக்குது. போற வழியிலே உண்டியல்ல போட்டிடுங்க, கண்ணு" என்றார். கடலூர் என்றுதான் நாங்கள் சொல்லியிருந்தோம். நாகூர் என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வரவே இல்லை.

பாகூர்க் கடைத்தெருவில் மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பெரியவரே எங்களை அழைத்துச் சென்றார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழியைக் கண்டு ஒட்டினார் அவர். பின்னர் சக்கரத்தைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் முக்கால் மணி நேரம் கோட்டம் எடுத்தார். உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ அதே கூலியை எங்களிடமும் வாங்கினார். ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவசரத்தில் நிற்கும் அயலானிடம் நியாயமான விலையை வாங்குவதும் ஈகையின் ஒரு வகையே என்று எங்களுக்குத் தோன்றியது.

அவர் வேலை முடிக்கும்வரை மூலநாதர் கோயில்வரை நடந்து சென்று வந்தோம். அவ்வூரின் பழமை பற்றிப் பின்னர் நூல்களில் படித்தோம். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று, பாகூரிலிருந்த கல்விச்சாலையைப் புரப்பதற்காக மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. செப்பேட்டில் பொறித்த கொடை ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கப்படுகிறது. திண்ணையில் வைத்த ஒரு தவலைத் தண்ணீரை எந்தச் செப்பேடும் பொறிப்பதில்லை. ஆகவேதான் இதனை எழுதுகிறோம்.

கன்னியக்கோயில் வழியே கடலூர்ச் சாலையை அடைந்து, மேலும் இரண்டு நாள் மிதித்து நாகூர் சேர்ந்தோம். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பித் தந்த 131 அடி உயரப் பெரிய மினாராவின் கீழ் மக்கள் வெள்ளம். நெற்றியில் திருநீறும் குங்குமமும் அணிந்தோர் அதில் எத்தனையோ பேர். அம்மையாரின் மஞ்சள் முடிச்சை உண்டியலில் இட்டோம். நாங்கள் அங்கே கேட்டது ஒன்றுதான்: அந்த வீட்டிற்குத் திரும்பிச் சென்று எங்கள் பெயரைச் சொல்லும் துணிவை அல்லாஹ் எங்களுக்குத் தரவேண்டும்.

இரு மாதம் கழித்து, 1994-ஆம் ஆண்டுப் பொங்கல் கழிந்த வாரத்தில், நாகூர்ச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் பாகூர் சென்றோம். இம்முறை பேருந்தில். பெரியவர் களத்தில் இருந்தார். அருகில் சென்று நின்று, எங்கள் பெற்றோர் இட்ட பெயர்களைச் சொன்னோம். அன்று பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றோம். அவர் சிரித்தார்.

"பை நனைஞ்சிருந்ததே, அதை உலர்த்தறப்பவே அவ பார்த்துட்டா. நீங்களா சொல்றப்ப கேட்டுக்கலாம்னு இருந்தோம். காலம் அப்படி, தம்பி. உங்க மேல தப்பில்லே."

அதன்பின்தான் கோழியின் கதையும் வெளிவந்தது. எங்கள் மார்க்க முறைப்படி அறுக்காத கோழியை நாங்கள் உண்ணமாட்டோம் என்பது அம்மையாருக்குத் தெரியும். கோழியைச் சமைத்து முன்னால் வைத்துவிட்டால், உண்ணவும் முடியாமல், காரணம் கூறவும் முடியாமல் நாங்கள் திண்டாடுவோமே என்று எண்ணியே, அன்று காதோடு சொல்லி முட்டையாக்கியிருக்கிறார். பசித்தவனுக்குச் சோறிடுவது பெரிய அறம். ஆனால், சோறிடும்போதே அவன் மறைத்து வைத்திருக்கும் அச்சத்தை அறிந்து, அதைத் தொடாமல் சோறிட்டாரே, அதற்கு என்ன பெயர் சொல்வது?

பெரியவர் எழுந்து சென்று ஒரு சேவலைப் பிடித்து வந்தார். கத்தியையும் எங்கள் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நீங்களே உங்க முறைப்படி அறுத்துக் கொடுங்க. அன்னிக்குப் பாக்கி நின்னுபோச்சு" என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தோம். அம்மையார் சமைத்தார். எல்லாரும் உண்டோம். பரிமாறும்போது அம்மையார் எங்கள் உண்மைப் பெயர்களைச் சொல்ல முயன்று, நாக்குச் சுழலாமல், "ராஜாவே நல்லாயிருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் இறுதிவரை எங்களுக்கு அதே பெயர்கள்தாம். ஆனால் அதற்குப்பின் அவை பொய்யல்ல. அவர்கள் எங்களுக்கு இட்ட பெயர்கள்.

எங்களைப்போல் முந்நூறு கிலோமீட்டர் மிதித்தவர்க்கே இப்படியென்றால், உலகையே மிதித்தவர்கள் பட்ட கடன் எவ்வளவு இருக்கும்! 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் 1928-இல் சுற்றி முடித்து ஊர் திரும்பினர். 1977 ஜனவரியில் பிரத்யும்ன குமார் மகானந்தியா என்னும் ஓவியர், தாம் மணந்த பெண்ணைத் தேடித் தில்லியிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியே அவ்வாண்டு மே மாதம் சுவீடன் சேர்ந்தார். வழியில் பலருக்கு அவர் படம் வரைந்து கொடுக்க, அவர்கள் அவருக்கு உணவளித்தனர். இவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. கதவைத் திறந்து விட்டவர்களின் பெயர்கள் எதிலும் இல்லை.

பெரியவரும் அம்மையாரும் இன்று உயிரோடில்லை. அவர்களுடைய பெயர்களை இங்கே குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு: தாம் செய்தது எழுதத்தக்க செயல் என்று கேட்டால் இருவருமே நாணுவார்கள். இன்று கைப்பேசி வழி காட்டுகிறது. சோறும் அறையும் அதன்மூலமே வந்துவிடுகின்றன. இருட்டில் அயலானின் லாந்தரை எதிர்பார்க்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. தேவை குறைந்ததால் அஞ்சுவது குறைந்ததா என்றால், இல்லை. பெயரைக் கேட்டபின் முகம் மாறும் இடங்கள் இன்றும் உள்ளன. பெயரைச் சொல்லுமுன் யோசிக்கும் இளைஞரும் உள்ளனர். அவர்களை நாங்கள் குறை கூறமாட்டோம்.

எங்களால் இயன்றது ஒன்று. அந்தக் கடனை அவர்களுக்குத் திருப்பித் தர வழியில்லை. கொடுத்தாலும் அவர்கள் வாங்கியிருக்கமாட்டார்கள். ஆகவே எங்கள் இரு வீடுகளிலும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். வாசலில் முன்பின் அறியாத யார் வந்து நின்றாலும், பெயரைக் கேட்குமுன் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிடுவோம். பெயரை அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.